அடித்தவர் யார் என்று கேளுங்கள்

வகுப்பில் மேசையைத் தள்ளிவிட்டு எழுந்து ஓடுகிற பையனைப் பற்றி நெய்க்காரப்பட்டியில் முதலில் காதில் விழுவது 'அப்பன் புத்தி' என்பதுதான். கரும்பு ஆலைக் கொட்டகையிலும் டீக்கடையிலும் விசாரணை அதோடு முடிந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் தலை சொறியக் கையைத் தூக்கினால்கூட அவன் முழங்கையால் முகத்தை மறைத்துக்கொள்கிறானே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நாம் சொல்லவில்லை. முன்பின் யோசிக்காமல் பாயும் சுபாவத்தில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுவைச் சார்ந்தது என்றே இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2002இல் சொன்னதையும் கேட்க வேண்டும். மூளையின் சில ரசாயனங்களைச் சிதைக்கும் எம்.ஏ.ஓ.ஏ. நொதி மரபணு காரணமாகக் குறைவாக உள்ள பையன்களில், சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களே பின்னாளில் வன்முறையில் அதிகம் இறங்கினார்கள். அதே மரபணுவோடு அடி உதை இல்லாத வீட்டில் வளர்ந்தவர்களிடம் அந்தப் போக்கு கூடுதலாகத் தென்படவில்லை. பிந்தைய ஆய்வுகள் எல்லாமே இதை ஒரே அளவில் உறுதிசெய்யவில்லை. கொடுமை பிள்ளையைக் கெடுக்கிறது என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை.

ரத்தத்தைக் காட்டித் தண்டிப்பது நம் மண்ணுக்குப் புதிதல்ல. பிறப்பையே குற்றமாக்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கைரேகைப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. நெய்க்காரப்பட்டி இருக்கும் திண்டுக்கல் பகுதியும் அன்று அதே மதுரை மாவட்டம்தான். 1947இல் சென்னை மாகாணம் அந்தச் சட்டத்தை ஒழித்தது. அதன் பேச்சைத்தான் இன்று ஒரு பள்ளிப் பையனிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

குடித்துவிட்டு வந்து பிள்ளையை பெல்ட்டால் விளாசும் தகப்பன் குற்றவாளி. பிரம்பெடுக்கும் ஆசிரியரும் குற்றவாளியே. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது. அலறல் கேட்டும் 'அது அவங்க குடும்ப விஷயம்' என்று கதவைச் சாத்திக்கொள்கிறவர்களுக்கும் இதில் பங்குண்டு. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கக் காசு ஆகாது. பையன் இன்னொரு பிள்ளையை அடித்தால் கண்டிக்கத்தான் வேண்டும். அவன் பிறவியைக் கண்டிக்கக் கூடாது.

அதே கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தக் காவல் இல்லை. அங்கே டி.சி. எழுதும் முன், வீட்டில் என்ன நடக்கிறது என்று தலைமையாசிரியர் விசாரித்து எழுத்தில் பதிய வேண்டும். விசாரிக்காமல் கொடுக்கும் டி.சி. செல்லாது என்று பள்ளிக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும்.