மறதியும் களவும்

ஒருவரைக் கள்ளர் என்று சொல்லுதல் எளிது. சொல்லப்பட்டவர் அச்சொல்லைத் துடைத்தெறிதல் அரிது. இக்காலத்துப் பல்பொருள் அங்காடிகளில் அச்சொல் எத்துணை எளிதாக வழங்கப்படுகின்றது என்பதை எண்ணுந்தோறும் உள்ளம் வருந்துகின்றது.

முன்னாளிற் கடைக்காரரே பொருளை எடுத்து நிறுத்துக் கொடுப்பார். வாங்குபவர் காசை நீட்டுவார். தவறு நிகழ இடம் குறைவு. இன்றோ வாங்குபவரே தட்டுகளிலிருந்து பொருள்களை எடுத்துத் தள்ளுவண்டியில் இடுகின்றார். ஒரு சிறு பொட்டலம் பிறபொருள்களின் கீழ் மறைந்துபோகலாம். உடன்வந்த குழந்தை இனிப்பொன்றைப் பையில் இடலாம். காசாளரே ஒன்றைக் கருவியிற் காட்டாது விட்டுவிடலாம். ஆயினும் இம்மூன்றுக்கும் வாசலிலே வழங்கப்படும் பெயர் ஒன்றே.

2024 ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முதல்நாள், யான் நன்கறிந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவருக்கு இவ்வாறு நேர்ந்தது. அவர் பணஞ் செலுத்தி வாசலை அடைந்தபோது, வண்டியிலே துணிப்பைக்கு அடியில் ஒரு சவர்க்காரக்கட்டி காணப்பட்டது. "மறந்துபோனேன் தம்பி, இதற்கும் காசெடுங்கள்" என்றார் அவர். அதனைச் செவிமடுக்காது, அவருடைய பழைய மாணவரும் நின்ற இடத்திலே பையைக் கவிழ்த்துக் கொட்டினர். கமராப் பதிவைப் பார்த்து, மறைக்கும் முயற்சி யாதும் இல்லையென அறிந்தபின்னரே போகவிட்டனர். குற்றஞ் சாட்டிய குரல் கடை முழுதும் கேட்டது; மன்னிப்புக் கேட்ட குரல் அவர் காதுக்கு மட்டுமே கேட்டது. அன்றுதொட்டு அவர் அத்தெருவாற் செல்வதில்லை.

களவுக்கு வேர் கருத்திலே உள்ளது. வள்ளுவர் கள்ளாமை அதிகாரத்திலே பிறர்பொருளைக் கவர எண்ணும் எண்ணத்தையே தீதெனக் கொண்டார். 1883 ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையும், 366 ஆம் பிரிவிலே, நேர்மையற்ற எண்ணத்தைக் களவின் இலக்கணத்துள் வைத்துள்ளது. குற்றவாளியென நிரூபிக்கப்படும்வரை எவரும் சுத்தவாளியெனவே கொள்ளப்படல் வேண்டும் என்பது 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, 13 ஆம் உறுப்புரையிற் கூறும் விதி.

சிலப்பதிகாரத்துக் கொலைக்களக் காதையைக் கற்பிக்குந்தோறும் யான் ஓரிடத்தில் தயங்கி நிற்பதுண்டு. கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைத்தண்டத்துக்கு உரியவன் அல்லன் என்கின்றனர். பொற்கொல்லனோ கள்வரின் தந்திரங்களை விரித்துரைத்து, அவர்களை மயக்கி அச்சுறுத்துகின்றான். சிலம்பின் பரல் முத்தா, மாணிக்கமா என ஒருவரேனும் அப்பொழுதே வினவியிருப்பின் ஓருயிர் பிழைத்திருக்கும். கொலை முடிந்தபின்னரே அவ்வினா அரசவைக்கு வந்தது.

கடைக்காரருக்கு நேரும் இழப்பை யான் மறுக்கவில்லை. உண்மைக் கள்வரும் உளர். பொருள் குறைந்தால் மேலாளருக்கு விடைகூற வேண்டியவர் சிறுசம்பளம் பெறும் இளைஞரே. ஆயினும், "இதற்குப் பற்றுச்சீட்டு உண்டா, அம்மா?" என ஒருபுறம் அழைத்து வினவுதற்குச் செலவொன்றுமில்லை. ஐயம் தீராதாயின் பொலிஸ் உண்டு, நீதிமன்றம் உண்டு. பிழை தம்முடையதெனத் தெரிந்தால், குற்றஞ் சாட்டிய அதே இடத்தில், அதே குரலில், பலரறிய மன்னிப்புக் கேட்டலே முறை.

நம் மாணவர் பலர் பாடசாலை நீங்கியதும் இவ்வங்காடிகளிலேயே வேலைக்கு அமர்கின்றனர். சிலம்பைப் பரீட்சைக்காகப் படித்த அவர்கள், வாசலிலே நிற்கும்போது அவ்வினாவை மறவாதிருப்பாராக.