விடுதிக்கலைப் பட்டம்: வரவும் செலவும்

விருந்தோம்பலைப் பற்றி எழுதப் புகுவோர் திருக்குறளின் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து தொடங்குதல் கல்லூரி மலர்களில் வழக்கமாகிவிட்டது. யாம் அவ்வழியிற் செல்லவில்லை. வள்ளுவர் கண்ட விருந்தினர் உண்டபின் பில் கேட்டவர் அல்லர். யாம் ஈண்டு ஆராயப் புகுவதோ, பணங்கொடுத்து உண்ணவும் உறங்கவும் வருவோர்க்குப் பணிசெய்யக் கற்பிக்கும் ஒரு படிப்பினை. எம்மூரார் அதனைக் கேட்டரிங் என்பர். சான்றிதழில் அது விடுதி மேலாண்மை என்று பெயர் பெறும்.

'சோறாக்கவா காலேஜுக்குப் போவது?' என்று எள்ளுவோர்க்கு முதற்கண் ஒரு விடை கூறி அமைவோம். அடுதொழிலுக்கு நூல் உண்டென்பது தமிழர்க்குப் புதிதன்று. சிறுபாணாற்றுப்படையில் நல்லியக்கோடன் பாணர்க்கு அளித்த உணவு, வீமன் செய்த மடைநூலின் நெறி பிறழாது அடப்பட்டதெனப் பேசப்படுகிறது. மணிமேகலையும் மடைநூலறிவைக் கலைகளுள் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. ஆதலின் அப்படிப்பின் தகுதியில் எமக்கு ஐயமில்லை. அதன் விலையிலேதான் ஐயம்.

எம் மாவட்டத்துப் பெற்றோர் இப்படிப்பினை நாடுவதற்குரிய காரணம் பிற மாவட்டத்தார்க்கு எளிதில் விளங்காது. சிவகாசியைச் சூழ்ந்த சிற்றூர்களில் தாய்தந்தையர் இருவரும் பட்டாசு ஆலைக்குச் செல்லும் வீடுகள் மிகப் பல. மருந்து செலுத்துவோர் மாலையில் வீடு திரும்புங்கால் அலுமினியப் பொடி படிந்து மேனியெல்லாம் வெள்ளி பூசினாற்போல் தோன்றுவர். 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதின்மருக்கு மேல் மாண்டனர். அதன்பின்னும் ஒவ்வோராண்டும் விபத்துச் செய்தி வாராதிருந்ததில்லை. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தபின், உயிர்க்கஞ்சிய அச்சத்தோடு வேலைக்கஞ்சும் அச்சமும் சேர்ந்துகொண்டது. இந்நிலையில், 'பன்னிரண்டாம் வகுப்பில் எந்த மதிப்பெண் பெற்றாலும் சேரலாம். படித்தால் கப்பல், துபாய், ஐந்து நட்சத்திர ஓட்டல்' என்று ஒருவர் வந்து கூறின், தாய்மார் காதணியைக் கழற்றுதல் வியப்பன்று.

இனிக் கணக்கிற்கு வருவோம். தனியார் கல்லூரியொன்றில் நான்காண்டுப் படிப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வங்கிக் கடன் எனக் கொள்வோம். விடுதிச் செலவு, சீருடை, கத்திப்பெட்டி முதலியன இதிற் சேரா. படிக்கும் காலத்தும் அதன்பின் ஓராண்டும் தவணை கேளார். ஆயினும் வட்டி உறங்குவதில்லை. அவ்வட்டியை ஒதுக்கிவிட்டு, நூற்றுக்குப் பத்து வட்டியில் ஏழாண்டுத் தவணை மட்டும் கணக்கிட்டால் மாதம் ஏறக்குறைய 8,300 ரூபாய் ஆகும். பட்டம் பெற்றுப் பெருநகர் ஓட்டலில் நுழைவோர் பலர்க்குத் தொடக்கச் சம்பளம் பதினையாயிரத்தை ஒட்டியே அமைகிறது. எஞ்சும் ஏழாயிரத்துக்குள் சென்னையிலோ பெங்களூரிலோ வாழவும் வேண்டும், வீட்டுக்கு அனுப்பவும் வேண்டும்.

அஃதன்றி, அத்தொழிலில் பட்டதாரியும் அடிப்படியிலிருந்தே ஏறவேண்டும். வெங்காயம் உரித்தலும், படுக்கை விரித்தலும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் நின்றே பணிசெய்தலும் முதலிரண்டு ஆண்டுகளின் பாடம். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவின் புகழ் அறியாதார் இலர். அதனை வீசும் மாஸ்டர் கற்றதோ கல்லுக்கு முன் நின்றே. அவர்தம் நாட்கூலி பட்டதாரிப் பயிற்சியாளரின் நாட்சம்பளத்தை மிஞ்சுதலும் உண்டு. இதனைக் கண்டு 'பட்டமே வீண்' எனத் துணிதல் பிழையாம். பத்தாண்டு கழித்து மாஸ்டர் அக்கல்லின் முன்னரேயே நிற்கக்கூடும். பட்டதாரி உணவுப் பிரிவுக்கோ முன்னலுவலகத்துக்கோ மேலாளராகியிருத்தல் கூடும். பெரிய ஓட்டல் நிறுவனங்கள் மேலாண்மைப் பயிற்சிக்கு ஆள் எடுக்குங்கால் பட்டத்தையே முதலில் நோக்குகின்றன. பட்டத்தின் பயன் பிற்காலத்தில் வருவது. கடனோ முற்காலத்திலேயே கழுத்தைப் பிடிப்பது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளைத் தாங்கும் வலி குடும்பத்துக்கு உண்டா என்பதே கேள்வி.

எம் தெருவில் ஓர் அண்ணன் உளர், பெயர் வேண்டா. தந்தை இல்லை, தாயார் பட்டாசு ஆலையில் திரி வைப்பவர். 2016இல் வெளியூர்க் கல்லூரி ஒன்றிற் சேர்ந்து 2020இல் முடித்தார். அவ்வாண்டு மார்ச்சில் நாடு முழுதும் ஓட்டல்கள் மூடப்பட்டன. அண்ணன் ஊர் திரும்பி, மாதக்கணக்கில் பட்டாசுக்கு அட்டைப்பெட்டி ஒட்டினார். பின்னர்ப் பெங்களூரில் கடைநிலைச் சமையற்காரராய்ச் சேர்ந்து, இப்போது சற்று உயர்ந்திருக்கிறார். வரவு செலவு பார்த்தால் இந்தப் படிப்பு நட்டமே என்று யாம் அவர்தம் தாயாரிடம் ஒருநாள் இளமைத் துடுக்கினால் கூறினோம். அவரை யாம் சித்தி என்றழைப்பது வழக்கம். சித்தி கைவேலையை நிறுத்தாமலே, "என் மகன் மேலுல மருந்து ஒட்டலய்யா, அது போதும் எனக்கு" என்றார். பொருளாதார நூலார் இவ்வரவினை எப்பத்தியில் எழுதுவரோ, யாம் அறியோம். அன்று முதல் 'நட்டம்' என்னும் சொல்லை யாம் விரைந்து ஆள்வதில்லை.

ஆயினும் அவ்வரவினையே குறைந்த விலைக்குப் பெறக்கூடுமாயின் மிகுந்த விலை கொடுப்பானேன்? தொழில் கற்க ஊர்விட்டுப் போதல் சிவகாசிக்குப் புதிதன்று. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, ஏறக்குறைய எட்டுத் திங்கள் தங்கித் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, 1923இல் மீண்டனர். அவர்கள் பட்டம் கொண்டுவரவில்லை என்பதை யாம் பெரிதாகச் சொல்லப் போவதில்லை; அக்காலம் வேறு. யாம் கருதத்தக்கதெனக் காண்பது, கற்கச் செலவிட்ட காலமும் பொருளும் சிறிது, கற்றது கைத்தொழிலாகவே இருந்தது என்பதே.

இன்றும் அத்தகைய வழிகள் உள. சென்னைத் தரமணியிலும் திருச்சி துவாக்குடியிலும் உள்ள அரசுசார் நிறுவனங்களுக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு நடைபெறுகிறது. அங்குப் பெறும் பட்டத்துக்குப் பெரிய ஓட்டல்களில் மதிப்பு மிகுதி. பட்டம் வேண்டாதார்க்கு ஒன்றரை ஆண்டு உணவு தயாரிப்புப் படிப்பும் உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்க்குத் தரமணியில் பயிலும் செலவினைத் தாட்கோ ஏற்கும் திட்டம் உளது. எம் சிற்றூர்களில் அதனை அறிந்தார் மிகச் சிலர். ஓபராய் ஓட்டல் நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோரைத் தேர்ந்து, உதவித்தொகை தந்து, வேலையும் பட்டப்படிப்பும் ஒருங்கே நடத்துகிறது. இவற்றுள் எதற்கும் முயலாமல், வாயிலில் விளம்பரத் தாள் கொடுத்தவர் பின்னே செல்லுதலைத்தான் யாம் தவறென்கிறோம். தனியார் கல்லூரி அனைத்தும் தீயன அல்ல; ஆனால் சேருமுன், சென்ற மூன்றாண்டுகளில் முடித்தோர் இன்று எவ்வூரில் எவ்வேலையில் உளர் என்று கேட்டுப் பாருங்கள். பெயரும் ஊரும் சொல்லாது சுவரிலுள்ள படங்களைக் காட்டினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அண்ணனின் தங்கை இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பு எழுதுகிறாள். அவளும் அப்படிப்பையே விரும்புகிறாள். இரவுப்பணி பெண்பிள்ளைக்கு ஆகுமா என்று சித்திக்கு அச்சம். பட்டாசு ஆலையின் பகற்பணி எவ்வளவு ஆகிற்று என்று அவள் கேட்ட கேள்விக்கு விடை கூறுவார் இல்லை. நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பம் நிரப்ப யாமும் உதவினோம். அரசு நிறுவனத்தில் இடம் கிடைத்தாற் பட்டப்படிப்பு, கிடையாதாயின் ஒன்றரை ஆண்டுப் படிப்பு என்பது அண்ணன் தொலைபேசியிற் சொன்ன முடிவு. அவர் கடனில் இன்னும் இரண்டாண்டுத் தவணை எஞ்சியுள்ளது.