சுவரும் மணலும்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கால் நனைக்க மணலைத் தேடுவோர், பல இடங்களில் கருங்கற்பாறைகளையே காண்பர். பிரெஞ்சியர் ஆட்சிக் காலத்தில் எழுப்பப்பட்ட கடற்சுவருக்கு அரணாக அப்பாறைகள் குவிக்கப்பட்டுள்ளன. 1836இல் ஒளியேற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து கொணர்ந்த கற்றூண்கள் சூழ நிற்கும் காந்தியடிகள் சிலை, முதல் உலகப்போரில் உயிர்நீத்தோரின் நினைவுச்சின்னம் ஆகியவை அச்சுவரை ஒட்டியே அமைந்துள்ளன.

2004 திசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினத்திலும் கடலூரிலும் காரைக்காலிலும் எண்ணற்ற உயிர்களைப் பறித்தது. சுவருக்குப் பின்னிருந்த பழைய நகரமோ பெருஞ்சேதமின்றித் தப்பியது. அன்றுமுதல் அச்சுவரைப் புகழாதார் இலர். அப்புகழ் தகுதியானதே. ஆயினும், கரையைக் காக்கச் சுவர் ஒன்றே போதும் என முடிவு செய்வது பொருந்தாது என்பது என் கருத்து.

சோழமண்டலக் கரையில் மணல் ஓரிடத்தில் தங்குவதில்லை. ஆண்டின் பெரும்பகுதியில் அலைகள் அதனை வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. வடகிழக்குப் பருவக்காலத்தில் தெற்கு நோக்கித் திருப்புகின்றன. மொத்தத்தில் வடக்கே செல்லும் மணலே மிகுதி. 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில், துறைமுகத்திற்காக அலைதடுப்புகள் கட்டப்பட்டன. அவற்றின் தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்க மேலும் மேலும் கற்கள் கொட்டப்பட்டன. நகரம் காக்கப்பட்டது, அரிப்பு நிற்கவில்லை. அது புதுச்சேரியின் எல்லையைக் கடந்து, தமிழகத்தின் கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் முதலிய ஊர்களின் கரைகளையும் தாக்கியது. படகை இழுத்தேற்றவும் வலையை உலர்த்தவும் மீனவருக்கு மணற்பரப்பு வேண்டும். பாறைக்குவியல் அதற்கு ஈடாகாது.

‘பழம்பெரும் நகரைக் காப்பது முதற்கடமையன்றோ?’ எனச் சிலர் வினவலாம். கடமைதான், சுவரை அகற்றுமாறு எவரும் கூறவில்லை. துறைமுகத்தருகே தேங்கும் மணலை அள்ளி, வடபுறக் கரைக்குத் தவறாது சேர்க்க வேண்டும் என்பதே கோரிக்கை. அண்மை ஆண்டுகளில் தலைமைச் செயலகத்திற்கு எதிரே கடலடியில் செயற்கைத் திட்டு அமைக்கப்பட்டதும், அங்கே மணற்கரை மீண்டும் தோன்றியது. எனவே, கரையை மீட்பது இயலாத செயல் அன்று. நகரின் முகப்பிற்குக் கிடைத்த அக்கவனம் குப்பங்களுக்கும் கிடைத்தல் வேண்டும்.

காக்ஸ் டவுனில் வாழும் நமக்குக் கடல் தொலைவில் உள்ளது. ஆனால், இச்சிக்கல் நமக்குப் புதிதன்று. பெங்களூரில் ராஜகால்வாயை மறித்து ஒருவர் மதில் எழுப்பினால், மழைநீர் அடுத்த தெருவினரின் வீட்டினுள் புகுகிறது. தம்மைக் காத்துக்கொள்வோர், தடுக்கப்பட்ட நீர் எங்கே செல்லும் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாணவர்களே! விடுமுறையில் புதுச்சேரிக்குச் சென்றால் கடற்சுவரைக் கண்டு வியந்திடுங்கள். பின்னர், வடக்கே உள்ள குப்பங்களுக்கும் சென்று, அங்கே எவ்வளவு கரை எஞ்சியுள்ளது என்பதையும் பாருங்கள்.