மேடையைப் பார்க்காதீங்க, மண்டபத்தைப் பாருங்க

ஆவணி முகூர்த்தம் வருது. ஆல்பம், ட்ரோன், கேண்டிட், எல்இடி வால்னு போட்டோகிராபர்கிட்ட பேக்கேஜ் பேசி முடிச்சிருப்பீங்க. அதுல இல்லாத ஒண்ணைப் பத்தி இந்த த்ரெட். கவர்மெண்ட் ஆஸ்பத்திரி டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேட்பீங்க. சொல்றேன்.

வார்டுல ஒருத்தர் இறந்துட்டா நாங்க உள்ள பேப்பர் வேலை பார்த்துட்டு இருப்போம். வெளிய வராண்டாவுல மகனோ மருமகனோ போனைத் தள்ளித் தள்ளிப் படம் தேடிட்டு நிப்பாங்க. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஒரு முகம் வேணும். ஆதார் போட்டோ வேண்டாம்னு மனசு சொல்லும். கடைசியில கிடைக்கிறது பெரும்பாலும் ஏதோ ஒரு கல்யாணத்துல எடுத்தது. பக்கத்துல நிக்கிறவங்களை வெட்டிட்டு, தோள் மேல யாரோட கையோ மட்டும் மிச்சம் இருக்கும்.

அந்தப் படமும் மேடை ஏறினவங்களுக்குத்தான் கிடைக்கும். ஏறாதவங்க யாருன்னு யோசிச்சுப் பாருங்க. முட்டி வலியில படி ஏற முடியாத தாத்தா. பந்தியைப் பார்த்துட்டு இருக்கிற சித்தப்பா. மொய் நோட்டோட உட்கார்ந்த மாமா. நாதஸ்வரம், தவில் வாசிக்கிறவங்க. அப்புறம், புருஷனை இழந்தவங்க. அவங்களை யாரும் தடுக்கிறதில்ல, ஆனா கூப்பிடுறதும் இல்ல. அவங்களே நாலு வரிசை தள்ளிப் போய் உட்கார்ந்துக்குவாங்க.

என் அப்பத்தா அப்படித்தான். என் கல்யாணத்துல ஆயிரம் படத்துக்கு மேல எடுத்தாங்க. அதுல ஒரே ஒரு பனோரமாவுல அப்பத்தா இருக்காங்க, மண்டபத்தோட இடது ஓரம், தூண் பக்கத்துல. அதுவும் பாதி முகம். தையல் சரியா அவங்க மேல விழுந்திருக்கு.

ஏன் அப்படி ஆகுது? பனோரமாங்கிறது ஒரே படம் இல்ல. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிப் பல படம் எடுத்து, ஒண்ணோட ஓரத்தை இன்னொண்ணோட ஓரத்துல பொருத்தி சாஃப்ட்வேர் தைக்குது. ஆஸ்பத்திரியில முழுக் கால் எக்ஸ்ரேயும் இப்படித்தான். இடுப்பு, முட்டி, கணுக்கால்னு தனித்தனியா எடுத்துச் சேர்ப்பாங்க. நடுவுல பேஷண்ட் அசைஞ்சா எலும்பு படி மாதிரி விலகித் தெரியும். கல்யாண வீட்டுல அசையாத ஆள் யாரு?

ரெண்டாவது சிக்கல் பாரலாக்ஸ். ஒரு விரலை முகத்துக்கு நேரா வச்சு இடது கண்ணையும் வலது கண்ணையும் மாத்தி மாத்தி மூடிப் பாருங்க. விரல் குதிக்கும், தூரத்துச் சுவர் அவ்வளவா நகராது. கேமரா இடம் மாறினாலும் இதேதான். பக்கத்துல இருக்கிற தூணும் முன்வரிசையும் விலகும், பின்வரிசை பொருந்தும். அதனால போன்ல எடுக்கிறவங்க கையை நீட்டிட்டு உடம்போட சுத்தாதீங்க. போன் ஒரே இடத்துல நின்னு திரும்பணும், நீங்க அதைச் சுத்தி நகரணும். பெரிய கேமரான்னா அதுக்குத் தனி பனோரமா ஹெட் இருக்கு, உங்க போட்டோகிராபருக்குத் தெரியும்.

'0.5 போட்டா மண்டபமே வந்துடுமே டாக்டர்'னு சொல்வீங்க. வரும். ஓரத்துல இருக்கிறவங்க முகம் இழுத்த ரப்பர் மாதிரி இருக்கும். பன்னிரண்டாவது வரிசையில இருக்கிறவங்களைப் பெருசாக்கினா கட்டம் கட்டமா உடையும். நமக்கு மண்டபம் முக்கியமில்ல, அதுல ஒவ்வொரு முகமும் வெட்டி எடுக்கிற அளவுக்குத் தெளிவா இருக்கணும். அதுக்குத்தான் இந்தத் தையல் வேலை.

எப்போ எடுக்கிறது? தாலி கட்டும்போது வேண்டாம். எல்லாரும் எழுந்து அட்சதை போடுவாங்க, நாலு கையோட ஆள் கிடைப்பாங்க. அதுக்கு ஒரு பத்து நிமிஷம் முன்னாடி, எல்லாரும் உட்கார்ந்து ஐயர் சொல்றதைக் கேட்டுட்டு (கேட்கிற மாதிரி) இருக்கும்போது எடுங்க. மேடை ஓரத்துல நின்னு கூட்டத்தைப் பார்த்து எடுக்கணும். கல்யாணம் முழுக்கக் கூட்டத்துக்கு முதுகு காட்டுற கேமராவை ரெண்டு நிமிஷம் திருப்பச் சொல்றேன், அவ்வளவுதான்.

கேமராவைச் செங்குத்தா பிடிக்கணும். ஒவ்வொரு படமும் முந்தினதுல மூணுல ஒரு பங்காவது திரும்ப வரணும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் மூணையும் லாக் பண்ணிடணும், இல்லன்னா மேடை லைட் பக்கம் ஒரு நிறம், பின்வரிசை ஒரு நிறம்னு பட்டை பட்டையா வரும். ஒவ்வொரு கோணத்துலயும் ரெண்டு மூணு தடவை எடுத்து வச்சுக்கிட்டா கண் மூடினவங்களை மாத்திக்கலாம். ஹூகின்னு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. அதுல 'இந்த இடம் கண்டிப்பா வரணும்'னு மாஸ்க் வரைஞ்சா தையல் அந்த முகத்தை விட்டுட்டுக் காலி நாற்காலி வழியாப் போகும். என் கல்யாணத்துல இதை யாராவது ஒருத்தர் செஞ்சிருந்தா போதும்.

போன நூற்றாண்டு தொடக்கத்துல சர்க்கட்னு ஒரு கேமரா இருந்துச்சு, 1904ல பேடண்ட் ஆனது. ஸ்ப்ரிங் முடுக்கிவிட்டா தானே சுத்தி நீளமான ஃபிலிம்ல முழு ஸ்கூலையும் எடுக்கும். குறும்புக்காரப் பசங்க ஒரு முனையில நின்னுட்டு, கேமரா திரும்புறதுக்குள்ள பின்னாடியே ஓடி மறு முனையிலயும் நிப்பாங்களாம். ஒரே படத்துல ரெண்டு தடவை! இங்க ஒரு தடவை வர்றதுக்கே ஆளுங்க காத்திருக்காங்க.

போட்டோகிராபர் தம்பிங்களுக்கு ஒண்ணு. தைச்சு முடிச்சதும் 'க்ளீன்' பண்றேன்னு தண்ணி ஜக்கோட போறவரையும் ஓரத்துல தூங்குற பாட்டியையும் அழிக்காதீங்க. குடும்பத்துக்காரங்க சொன்னா மட்டும் அழிங்க.

இன்னொண்ணும் சொல்லிடுறேன். பனோரமா எடுத்துட்டோமேன்னு அப்பத்தாக்களைக் கீழயே உட்கார வச்சுடாதீங்க. மேல கூப்பிடுங்க. சகுனம் பார்க்கிற பெரியப்பா முறைச்சா முறைச்சுக்கட்டும். நான் அன்னைக்கு மாப்பிள்ளைக் கோலத்துல இருந்துட்டு இதைச் செய்யல. அப்பத்தா போய் ரெண்டு வருஷம் ஆகுது. வீட்டுல மாலை போட்டிருக்கிறது வாக்காளர் அட்டை படத்தைப் பெருசு பண்ணினது.

தம்பிக்கு அடுத்த மாசம் கல்யாணம். அம்மாச்சிகிட்ட இப்பவே பேசிட்டேன். "நான் எதுக்குப்பா மேல, முட்டி வேற வலிக்குது"ன்னாங்க. முட்டிக்கு மாத்திரை தர்றேன்னு சொல்லியிருக்கேன். ட்ரைபாடும் வாங்கிட்டேன்.