ஆப்பிரிக்கப் பென்குயின்: தடை மட்டும் போதுமா?

தென்னாப்பிரிக்கா, நமீபியா கடற்கரைகளில் மட்டுமே இனப்பெருக்கம் செய்பவை ஆப்பிரிக்கப் பென்குயின்கள். அவற்றின் இணைகள் 10,000-க்கும் கீழே குறைந்த நிலையில், 2024 அக்டோபரில் இவ்வினம் மிகவும் அழிவாபத்தில் உள்ளதாக அறிவிக்கப்பட்டது.

இவற்றின் முதன்மை இரையான மத்தியையும் நெத்திலியையும்தான் சுருக்குமடிப் படகுகளும் நாடுகின்றன. முந்தைய தடைப் பகுதிகள் பென்குயின்கள் இரை தேடும் நீர்ப்பரப்புடன் பொருந்தவில்லை என்பதே வழக்குத் தொடுத்த பறவைப் பாதுகாப்பு அமைப்புகளின் வாதம். மீன்பிடித் தொழில்துறையினருடன் அவை எட்டிய உடன்பாட்டைப் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் ஆணையாக்கியது. அதன்படி, ராபன் தீவு உள்ளிட்ட 6 வாழிடங்களைச் சுற்றி 10 ஆண்டுகளுக்கு அப்படகுகள் மீன்பிடிக்க இயலாது.

குஞ்சுகளை வளர்க்கும் பறவைகள் நெடுந்தொலைவு செல்ல முடியாது என்பதால் இது பெரிய ஆறுதலே. எனினும், மீன் கூட்டங்கள் ஏற்கெனவே மேற்குக் கரையிலிருந்து தென்கிழக்காக நகர்ந்துள்ளன. மேற்கிலுள்ள தீவுகளுக்கு இத்தடை மட்டும் போதாது.