கூரைக்கு ஒரு நீதி, இன்ஜினுக்கு ஒரு நீதி

மலைச்சரிவிலும் ஆற்றுப் படுகையிலும் ஓட்டுவதற்கென்றே ஒரு வண்டியை விற்கும் நிறுவனம், வாங்குபவருக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில், கைபேசி எடுக்காத இடத்தில், இது உங்களைக் கைவிடாது என்பதே அந்த வாக்கு. வாங்குபவர் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அதற்குத்தான். அப்படிப்பட்ட வண்டி குறையோடு தொழிற்சாலையை விட்டு வெளியேறினால், அதன்பின் நிறுவனம் நடந்துகொள்ளும் விதத்தில்தான் அதன் நேர்மை தெரியும். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் ப்ராங்கோ என்ற ஒரே வண்டியில் இருவேறு விதமாக நடந்துகொண்டது. ஒன்றை மனமாரப் பாராட்டுகிறோம். மற்றொன்றைக் கண்டிக்கிறோம்.

1966 மாடலாக அறிமுகமாகி 1996-இல் நிறுத்தப்பட்ட ப்ராங்கோ, கால் நூற்றாண்டுக்குப் பிறகு 2021 கோடையில் மிச்சிகன் மாநிலத்தின் வெய்ன் நகரத் தொழிற்சாலையிலிருந்து மீண்டும் வந்தது. முன்பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் அதிகம். பலர் ஓராண்டு காத்திருந்தார்கள். வண்டி வந்த சில வாரங்களிலேயே, வெபாஸ்டோ நிறுவனம் செய்து கொடுத்த கழற்றி மாட்டும் கெட்டிக் கூரையில் பிரச்சினை கிளம்பியது. ஈரமும் புழுக்கமும் பட்டதும் கூரையின் மேற்பரப்பில் பாம்புச் சட்டை போன்ற கோடுகள் எழும்பின. 2021 ஆகஸ்டில் ஃபோர்டு ஒரு முடிவை அறிவித்தது: அதுவரை செய்த அத்தனை கெட்டிக் கூரைகளையும் மாற்றித் தருவோம். கோடு விழுந்த கூரை, விழாத கூரை என்று பிரித்துப் பார்க்கவில்லை. புகைப்படம் அனுப்பு, நிரூபி என்று யாரையும் அலைக்கழிக்கவில்லை. புதுக் கூரைக்காகக் காத்திருந்த வண்டிகள் தொழிற்சாலையை ஒட்டிய மண் திடலில் ஆயிரக்கணக்கில் நின்றன. அந்த இடத்துக்கு 'மண் மலை' என்றே பெயர் வைத்தார்கள், வண்டிக்காக ஏங்கியவர்கள். காத்திருப்பு கசப்பானதுதான். ஆனாலும் அந்த முடிவு சரியானது. குறை எங்களுடையது, செலவும் எங்களுடையது என்று ஒரு நிறுவனம் சொல்ல வேண்டிய முறை அதுதான்.

அதே மாதங்களில், அதே வண்டியின் இன்ஜினுக்குள் வேறொரு குறை இருந்தது. 2.7 லிட்டர் டர்போ இன்ஜினின் காற்று உள்ளிழுக்கும் வால்வுகளில் சில, ஒரு குறிப்பிட்ட எஃகுக் கலவையில் செய்யப்பட்டவை. கடையும்போது சூடு அளவு மீறினால் அந்தக் கலவை மிகக் கடினமாகி, கண்ணாடியைப் போல நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். அப்படிப்பட்ட வால்வு ஓட்டத்தில் முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தால் இன்ஜின் அந்த நொடியே செத்துவிடும், மறுபடி கிளம்பாது. நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

2021 அக்டோபரில் வால்வின் கலவை மாற்றப்பட்டது. அதன்பின் வந்த வண்டிகளுக்கு வேறு எஃகில் செய்த வால்வு கிடைத்தது. முன்பே விற்ற வண்டிகளில் எதில் இன்ஜின் போனதோ அதற்கு மட்டும் டீலர்கள் வாரண்டியில் இன்ஜின் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் ஒன்றும் அறியாமல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். உரிமையாளர்களின் புகார்கள் குவிந்து, 2022-இல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் விசாரணையைத் தொடங்கியது. 2023-இல் அதை விரிவாக்கியது. வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது 2024 ஆகஸ்டில். ப்ராங்கோவும், அதே குடும்ப இன்ஜின் கொண்ட பிற ஃபோர்டு, லிங்கன் வண்டிகளுமாக மொத்தம் 90,736. அத்தனையிலும் வால்வு பழுது என்று பொருளல்ல. பழுதானவை அவற்றில் சிறு பங்குதான். ஆனால் எது அந்தச் சிறு பங்கு என்று ஓட்டுபவருக்குத் தெரியாதல்லவா? தெரிந்துகொள்ளும் உரிமை 90,736 வண்டிகளின் உரிமையாளர்களுக்கும் இருந்தது. அது ஏறத்தாழ மூன்றாண்டுகள் மறுக்கப்பட்டது.

கூரையில் விழுந்த கோடு ஊர் பார்க்கும். விளம்பரப் படத்தைக் கெடுக்கும். அதற்குச் சில வாரங்களில் முடிவு வந்தது. உயிருக்கு உலை வைக்கக்கூடிய வால்வு ஒருவர் கண்ணிலும் படாது. அதற்கு மூன்றாண்டு. கண்ணில் படுவதற்கு ஏற்ப அவசரப்பட்ட இந்த நடத்தை அறமற்றது என்பதே நம் தீர்ப்பு. பாதுகாப்புக் குறை இருப்பது தெரிந்தால் ஐந்து வேலை நாட்களுக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க விதி இருக்கிறது. குறையை 'அங்கொன்றும் இங்கொன்றுமாக' நடப்பதாகக் கருதும் வரை அந்த ஐந்து நாள் தொடங்குவதே இல்லை. சட்டத்தில் இதற்கு இடமிருக்கலாம். மனசாட்சியில் இல்லை.

இது ஒருமுறை நடந்த சறுக்கல் என்று விட்டுவிடவும் முடியவில்லை. பின்பக்கக் கேமராக்களில் இருந்த குறைக்கு உரிய காலத்தில் வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை, முழுமையான தகவலையும் தரவில்லை என்று 2024 நவம்பரில் அதே பாதுகாப்பு நிர்வாகம் ஃபோர்டுக்கு 16.5 கோடி டாலர் அபராதம் விதித்தது. உடனே கட்ட வேண்டியது மட்டும் 6.5 கோடி. குறையோடு வண்டி விற்றது ஃபோர்டு மட்டுமா என்றால், அதுவும் இல்லை. 2018-இல் புதிதாக வந்த ஜீப் ராங்லரில், முன் அச்சை நிலைநிறுத்தும் கம்பியின் பிடிப்பு சட்டகத்தோடு சரியாக வெல்டிங் ஆகாமல் பிரிந்துவரக்கூடும் என்று ஏறக்குறைய 18,000 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. பாறையில் ஏறுவதற்காகவே வாங்கப்படும் வண்டி அது.

திரும்ப அழைக்கும் அளவுக்குப் போகாத குறைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். கதவு ரப்பர் வழியாக ஒழுகும் மழைநீர், சரியாக முறுக்காத போல்ட், தகடு உராயும் இடத்தில் கட்டிய வயர், மேடு பள்ளத்தில் ஒவ்வொரு முறையும் எழும் சத்தம். இவை எல்லாம் பொருத்தும் வரிசையில் பிறந்தவை. அங்கே ஒரு போல்ட்டை முறுக்கச் சில நொடி போதும். எவ்வளவு முறுக்கியது என்பதையும் கருவியே பதிந்து வைக்கும். அதே குறை டீலரின் சர்வீஸ் சென்டருக்கு வந்தால் கதை வேறு. ஒழுகலின் ஊற்றுக்கண்ணைத் தேட இருக்கையைக் கழற்றி, கம்பளத்தை உரித்து, கூரைத் துணியை இறக்கி, தண்ணீர் அடித்துப் பார்க்க ஒரு மெக்கானிக்கின் முழு நாள் போய்விடும். அந்த நாளுக்கு அவருக்கு என்ன கூலி?

அமெரிக்க டீலர்களிடம் வேலை செய்யும் மெக்கானிக்குகள் பலருக்கு, செலவிட்ட நேரத்துக்குக் கூலி கிடையாது. வேலைக்கு இத்தனை மணி என்று முன்பே எழுதிவைத்த கணக்குக்குத்தான் கூலி. வாரண்டி வேலைக்கு அந்தக் கணக்கை எழுதுவது வண்டி செய்த நிறுவனமே. பணம் கொடுத்துச் செய்துகொள்ளும் அதே வேலைக்கு உரிய மணியைவிட அது குறைவாகவே இருக்கும். குறையைக் கண்டுபிடிக்கும் நேரத்துக்குப் பல சமயம் ஒன்றும் இல்லை. அப்புறம் அவர் எதற்காகத் தேட வேண்டும்? 'ஓட்டிப் பார்த்தோம், சத்தம் கேட்கவில்லை' என்று ஜாப் கார்டில் எழுதி வண்டியைத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். அந்த மெக்கானிக்கைக் குற்றம் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. தன் பிழையைத் திருத்தும் உழைப்புக்கே குறைந்த விலை வைக்கும் நிறுவனம்தான் குற்றவாளி. இல்லினாய் மாநிலம் 2021-இல் சட்டம் போட்டு, வாரண்டி வேலைக்கும் வெளிச்சந்தை மணிக்கணக்கிலேயே டீலருக்குப் பணம் தர வேண்டும் என்று கட்டாயமாக்கியது. எல்லா இடத்துக்கும் வர வேண்டிய சட்டம் அது.

வண்டியை வாங்கியவரின் இழப்பு யார் கணக்கிலும் ஏறுவதில்லை. மாதத் தவணை நிற்காது. காப்பீடு நிற்காது. விடுப்பு போட்டு இரண்டாம் முறை, மூன்றாம் முறை அதே வாசலில் போய் நிற்கிறார். உதிரி பாகம் வரவில்லை, மேலிடத்து அனுமதி வரவில்லை என்ற பதிலைக் கேட்டுக்கொண்டு, தன் பணத்தில் வாங்கிய பொருளுக்குத் தானே மனு போடுபவராக ஆகிறார். வாரண்டி என்பது விலைக்குள் அடங்கிய கடன். கடனைத் திருப்பித் தருபவர் சலுகை செய்பவரைப் போல நடந்துகொள்வது பெரும் அவமதிப்பு.

இந்தியாவில் இதே வகை வண்டிகளுக்கு இன்று பெரும் மோகம் இருப்பதால், நம் நிலையையும் பார்த்துவிடுவோம். 2020 அக்டோபர் 2 அன்று வெளியான புதிய மஹிந்திரா தார் வண்டியில், பாகம் செய்து தந்த ஆலையின் இயந்திர அமைப்புப் பிழையால் டீசல் இன்ஜினின் கேம்ஷாஃப்ட்டில் குறை இருக்கலாம் என்று 2021 பிப்ரவரியில் 1,577 வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. அவை 2020 செப்டம்பர் தொடங்கி டிசம்பர் வரை செய்தவை. சில மாதங்களுக்குள் நிறுவனமே முன்வந்து சொன்னது நல்ல முன்மாதிரி. ஆனால் எல்லாரும் முன்வருவார்கள் என்று நம்பிச் சட்டத்தை வைத்திருக்க முடியாது. குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க ஆணையிடும் அதிகாரம் 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் வந்து, அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தன. அந்த விதிகளில் அபராதத்தின் உச்சவரம்பு 1 கோடி ரூபாய். சில வண்டிகளின் விலையிலேயே அது அடங்கிவிடும்.

நுகர்வோர் சட்டமும் முழுதாகக் கைகொடுப்பதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'தயாரிப்புப் பொறுப்பு' என்ற அத்தியாயத்தைப் புதிதாகச் சேர்த்தது. ஆனால் அதில் 'தீங்கு' என்பதன் வரையறையில், அந்தப் பொருளுக்கே ஏற்படும் சேதம் வராது என்று விலக்கியிருக்கிறார்கள். வண்டி தீப்பிடித்து வீடு எரிந்தால் அந்த அத்தியாயம் வரும். வண்டி மட்டும் வீணானால் வராது. பழைய வழியில், குறையுள்ள பொருள் என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே உற்பத்திக் குறையை நிபுணர் அறிக்கையோடு நிறுவும் சுமை பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழுகிறது. வாரண்டியின் வாசகப்படி குறையுள்ள பாகத்தை மாற்றினால் போதும், காரையே மாற்றித் தர வேண்டியதில்லை என்று மாருதி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. அந்த வாசகத்தை எழுதியவர் யார்? விற்றவர். வாங்கியவருக்கு அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றும் வாய்ப்பு இருந்ததில்லை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலம் 1982-லேயே இதற்கு விடை கண்டது. ஒரே குறையைக் குறிப்பிட்ட முறைகள் பழுதுபார்த்தும் தீரவில்லை என்றாலோ, வண்டி சர்வீஸ் சென்டரில் கிடந்த நாட்கள் ஓர் அளவைத் தாண்டினாலோ, பணத்தைத் திருப்பிக் கொடு அல்லது வேறு வண்டி கொடு என்று சட்டம் போட்டது. பிற மாநிலங்களும் பின்தொடர்ந்தன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படி ஒரு சட்டம் நம் நாட்டில் இல்லாதது வெட்கத்துக்குரியது. ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகார அமைச்சகமும் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் சேர்ந்து அதைக் கொண்டுவர வேண்டும். வண்டி உள்ளே வந்த நாளும் வெளியே போன நாளும் ஜாப் கார்டில் கட்டாயம் பதிவாக வேண்டும். அந்தப் பதிவே சாட்சியாக ஏற்கப்பட வேண்டும். பாதுகாப்பைத் தொடும் எந்தப் பாகத்தையும் உற்பத்தி நடுவே மாற்றும் நிறுவனம், ஏன் மாற்றியது என்பதை, பழைய பாகத்தோடு வண்டி வாங்கிய ஒவ்வொருவருக்கும் முப்பது நாட்களுக்குள் கடிதமாக எழுத வேண்டும்.