பட்டுப் பெட்டிக்கு ஒரு பிடி வெட்டிவேர்

காஞ்சிபுரத்தில் ஆசையாகப் பட்டுப்புடவை எடுத்து வருகிறவர்கள் பலர், வீட்டுக்கு வந்ததும் செய்யும் முதல் வேலை பீரோவில் நாலு அந்துருண்டை போடுவதுதான். அந்துருண்டை சரிகையில் படவே கூடாது. நல்ல சரிகை என்பது பட்டு நூலில் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளி கறுக்கும் என்பது கொலுசு போட்ட எல்லோருக்கும் தெரியும்.

அந்த இடத்துக்குப் பழைய ஆள் ஒன்று உண்டு. வெட்டிவேர்! கோயில் வாசல் கடைகளில் மாலையாகத் தொங்கும். கோடையில் மண்பானைத் தண்ணீரில் மிதக்கும். தமிழ்நாட்டில் இது அதிகம் விளைவது கடலூர் பக்கத்துக் கடலோர மணற்பாங்கில். கடையில் வாங்கலாம்தான். ஆனால் மொட்டைமாடியிலேயே ஒரு சாக்கில் வளர்த்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது.

பெயரில் வேர் இருந்தாலும் இது ஒரு புல். தூர் கட்டிப் பல ஆண்டுகள் நிற்கும். ஆள் உயரத்துக்கு மேலும் வளரும். ஆங்கிலமும் பிரெஞ்சும் ‘வெட்டிவர்’ என்று சொல்வது நம் சொல்லைத்தான். வேர் பக்கவாட்டில் பரவாமல் நேராகக் கீழே போகும். நல்ல மண்ணில் ஒரே ஆண்டில் 3 மீட்டர்கூட இறங்கும். தென்னிந்திய ரகம் முளைக்கும் விதை வைக்காது என்பதால் களையாகப் பரவும் பயமும் இல்லை.

மைசூருக்குத் தெற்கே குண்டலுப்பேட்டை விவசாயிகள் தலைமுறைகளாக இதை வரப்பில் நட்டு வந்தார்கள். 1980களில் உலக வங்கியின் வேளாண் அதிகாரிகள் இதைக் கையில் எடுத்த பிறகு, மண் அரிப்பைத் தடுக்கும் புல்லாகப் பல நாடுகளுக்கும் போனது. ஒரு சிக்கல் உண்டு. மண்ணைப் பிடித்து வைப்பதும் வேர்தான், விலை போவதும் வேர்தான். வாசனை எண்ணெய்க்காக இதைப் பெருமளவில் பயிரிடும் ஹெய்ட்டியில், மலைச்சரிவில் வேரைத் தோண்டத் தோண்ட மண் கரைந்து போகிறது. வேகவதி போன்ற ஆற்றங்கரையில் நட்டால் தோண்டாமல் விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு வேண்டிய வேருக்குச் சாக்குதான் சரி.

நர்சரியில் நாற்று கிடைக்கும். இரண்டு மூன்று கிளைப்புகளாகப் பிரித்து, இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரையும் இரண்டு அங்குலத்துக்குக் கத்தரித்து நட வேண்டும். பை எவ்வளவு ஆழமோ அவ்வளவு வேர். அதனால் அகலத் தொட்டி வீண். சிமென்ட் சாக்கு, அல்லது மூன்றடி நீள அகலமான பிவிசி குழாய் போதும். பாதி மணல், மீதி செம்மண்ணும் மக்கிய தொழுவுரமும். களிமண் கலந்தால் வேரை எடுக்கும்போது பாதி அறுந்து போகும். அடியில் தண்ணீர் வடிய ஓட்டை அவசியம். ஈரச் சாக்கின் எடையை நினைத்து, மாடியில் சுவரோரமாக வைப்பது நல்லது.

முதல் மூன்று வாரம் தினமும் தண்ணீர். பிறகு மேல்மண் காய்ந்தால் போதும். முழு வெயில் வேண்டும், நிழலில் தூர் கட்டாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை இலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுக் கிளைப்புகள் வரும். வெட்டிய இலையை மற்ற தொட்டிகளுக்கு மூடாக்காகப் போடலாம். இலையோரம் அறுக்கும், குழந்தைகள் பக்கம் வேண்டாம்.

12 மாதத்துக்கு முன்னால் ஆசைப்பட்டுப் பிடுங்கினால் வேர் வெளுத்து மெலிந்திருக்கும், வாசமும் குறைவு. ஓர் ஆண்டு முடிந்ததும், மழையில்லாத மாதமாகப் பார்த்துச் சாக்கைக் கிழித்து, மண்ணை உதிர்த்து அலசி, நிழலில் உலர்த்த வேண்டும். ஒடித்தால் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. ஈர வேர் பட்டில் கறை வைக்கும், சரிகையையும் கெடுக்கும்.

உலர்ந்த வேரை மல்துணிப் பையில் முடிந்து, புடவை மேல் வைக்காமல் தட்டின் மூலையில் வைக்கலாம். அதற்காகப் புடவையை மறந்துவிடக் கூடாது. சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வைப்பதை எந்த வேரும் செய்யாது. வாசம் மங்கினால் பையையும் புதுப்பிக்கலாம்.

வேரை வெட்டிய பிறகு கையில் மிஞ்சும் தூரை எறிந்துவிட வேண்டாம். பிரித்தால் இருபது கன்றாவது தேறும். இரண்டு நம் சாக்குக்கு, மற்றவை பக்கத்து வீடுகளுக்கு.